நீல டிரம்மிலிருந்து சாமுராய்க் கவசம்: முதல்முறை செய்பவர்களுக்கு

சாமுராய்க் கவசம் என்றதும் ஆயிரக்கணக்கான சிறு செதில்களைப் பட்டு நாடாவால் கோத்த ஓ-யொரோயிதான் பலருக்கு நினைவு வரும். முதல் கவசத்துக்கு அதைத் தொடாதீர்கள், துளையிட்டு முடிப்பதற்குள் ஆசையே வற்றிவிடும். துப்பாக்கி பரவிய 16-ஆம் நூற்றாண்டில் ஜப்பானியக் கவசக்காரர்களே செதில்களைக் குறைத்து முழுப் பட்டைகளுக்கு மாறினார்கள். அந்த வகையில் எளிமையானது ஒகேகவா-டோ. கிடைமட்டப் பட்டைகளை ரிவெட் அடித்து இணைத்த மார்க்கவசம் அது. ‘ஒகே’ என்றால் மரத்தொட்டி. அதை பிளாஸ்டிக் டிரம்மை வெட்டிச் செய்வது பெயருக்கும் பொருத்தம்தான்.

இங்குள்ள அளவுகள் பிரம்புக் கழியால் உண்மையாகவே ஓங்கி அடித்து ஆடும் ஆட்டத்துக்கானவை. 1966-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய, இடைக்கால வாழ்க்கையை மீட்டு நிகழ்த்தும் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம் அமைப்பில் இந்த ஆட்டம் நடக்கிறது. உலோக வாள் கொண்டு மோதும் ஆட்டங்களுக்கு இந்தக் கவசம் போதாது.

வாங்க வேண்டியவை

200 லிட்டர் நீல டிரம் ஒன்று. சுவர் 3 முதல் 4 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். உணவுப்பொருள் வந்த டிரம்மாகப் பாருங்கள். ரசாயனம் வந்ததைச் சூடாக்கினால் எந்தப் புகை வரும் என்று யாருக்கும் தெரியாது. 4.8 மி.மீ. அலுமினிய ரிவெட் 150, அதே எண்ணிக்கையில் வாஷர். 8 மி.மீ. அகலத் தட்டை நாடா. தோள்வாருக்கும் கீலுக்கும் 4 மி.மீ. தோல். உள்ளே ஒட்ட 10 மி.மீ. தடிமனுள்ள, நீர் உறிஞ்சாத நுரைத்தாள். கருவிகளில் ஜிக்-சா, டிரில், ஹீட் கன், ரிவெட் கன் இருந்தால் போதும்.

முதலில் அட்டை

உள்ளே போடப்போகும் சட்டையையும் நுரைத்தாளையும் மாட்டிக்கொண்டு அளவெடுங்கள். வெறும் உடம்பில் அளந்தவரின் கவசம் கடைசியில் மூடாது.

உயரத்தைக் கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழிருந்து, பக்கவாட்டில் குனிந்தால் உடம்பு மடியும் இடம் வரை எடுங்கள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வயிற்றை முழுக்க மறைக்க ஆசைப்பட்டு நான்கு விரல் நீளமாக வெட்டுவார்கள். உட்கார்ந்ததும் கீழ்விளிம்பு தொடையில் முட்டி, மேல்விளிம்பு தொண்டையை இடிக்கும். அட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு வாரைக் கட்டிப் பாருங்கள். முடிந்தால் நீளம் சரி.

பட்டை ஒவ்வொன்றும் 5.5 செ.மீ. அகலம், ஒன்றின் மேல் ஒன்று 1 செ.மீ. ஏறும். முன்னே 8 பட்டை வைத்தால் 37 செ.மீ., பின்னே 9 வைத்தால் 41.5 செ.மீ. வரும். இவற்றில் கீழ் 5 பட்டைகள் உடலைச் சுற்றி வருபவை, மேலே உள்ளவை அக்குளுக்கு இடம்விட்டுக் குறுகுபவை. மார்பு 100 செ.மீ. என்றால், சுற்றுப் பட்டைகளில் மேலே உள்ளதை முன்பக்கம் 55, பின்பக்கம் 50 என வெட்டுங்கள். கூடுதலாக உள்ள 5 செ.மீ. வலப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடுவதற்கு. இடுப்பு 90 என்றால் கீழே போகப்போக ஒவ்வொரு பட்டையிலும் 1.25 செ.மீ. குறையுங்கள். இந்தச் சரிவைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். கவசத்தின் எடை இடுப்பில் உட்காருவது இதனால்தான். நேர்க்குழாயாகச் செய்தால் முழு எடையும் தோளில் தொங்கும்.

வெட்டுதல், வளைத்தல்

பட்டைகளை டிரம்மின் சுற்றளவுப் போக்கிலேயே வெட்டினால் பாதி வளைவு தானாகக் கிடைத்துவிடும். ஜிக்-சாவை மெதுவாக ஓட்டுங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி, வெட்டிய கோடு பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். பிசிறைக் கத்தியால் சீவி, விளிம்பை உப்புத்தாளால் உருட்டுங்கள். அக்குள் பக்கம் கூர்மையாக விட்டால் முதல் நாளே தோல் உரியும்.

டிரம் வட்டம், உடம்போ நீள்வட்டம். ஆகவே பட்டையின் இரு முனைகளையும் ஹீட் கன்னால் சூடாக்கி இன்னும் உள்ளே வளைக்க வேண்டும். மேற்பரப்பு பளபளத்து, அழுத்தினால் இணங்கும் நிலை வந்ததும் கையுறையோடு வளைத்து, அதே பிடியில் ஈரத்துணியால் குளிரவையுங்கள். முழுதாக ஆறும் முன் விட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பும். புகை வந்தால் சூடு மிஞ்சிவிட்டது, அந்தப் பட்டையைத் தூக்கிப் போடுங்கள். ஒரே டிரம்மில் மாற்றுப் பட்டைக்குத் தாராளமாக இடமிருக்கிறது.

வண்ணமும் இப்போதே. இந்தப் பிளாஸ்டிக்கில் பெயின்ட் லேசில் ஒட்டாது. 120 எண் உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்து, அதன்மேல் கறுப்போ துருப்பழுப்போ பூசுங்கள். அப்படியும் அடி விழும் இடத்தில் உரியத்தான் செய்யும்.

இணைத்தல்

8 செ.மீ.க்கு ஒரு துளை. உடனே ரிவெட் அடிக்காதீர்கள். மூன்றில் ஒரு துளையில் சிறு போல்ட் மாட்டி, அணிந்து, கையைத் தூக்கி, வாள் வீசிப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குங்கள். ரிவெட்டின் தலை வெளியே, வாஷர் உள்ளே. வாஷர் இல்லாவிட்டால் சில அடிகளிலேயே ரிவெட் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் நுரைத்தாளுக்கு அடியில் மறைந்துவிடும்.

இடப்பக்கம் கீல், வலப்பக்கம் கட்டு. உலோகக் கீல் அடியில் நசுங்கித் திறக்க மறுக்கும். 5 செ.மீ. அகலத் தோல்துண்டு மூன்று போதும். தோள்வாரை, அதாவது வதாகாமியை, பின்பலகையில் ரிவெட் அடித்து, முன்பலகையில் கயிறும் மரக்குச்சியும் கொண்டு மாட்டுங்கள்.

தொங்கல்கள்

இடுப்புக்குக் கீழே தொங்குபவை குஸாஸுரி. 7 தொங்கல், ஒவ்வொன்றிலும் 5 பட்டை, ஆக 35 பட்டைகள். மேல்பட்டை 13 செ.மீ., கீழ்பட்டை 16 செ.மீ. நீளம். இங்கே ரிவெட் கிடையாது, எல்லாம் நாடாவில் தொங்கும். கீழ்ப்பட்டை மேல்பட்டைக்கு வெளியே வர வேண்டும். மீன் செதிலுக்கு நேர்மாறு. மாற்றிக் கோத்துவிட்டுப் படத்தோடு ஒப்பிட்டு விழிப்பவர்கள் ஏராளம்.

நெருக்கமாக மூடும் கெபிகி முறை அழகு, ஆனால் நாடாவையும் நேரத்தையும் விழுங்கும். இரட்டை இழைகளாக இடைவெளி விட்டுக் கோக்கும் சுகாகே முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டைக்கு மூன்று இணைத் துளைகள். நாடா மேல்பட்டையிலிருந்து வெளியே வந்து, கீழ்ப்பட்டையின் விளிம்பைத் தாண்டி, அதன் துளையில் உள்ளே போகும். நாடா நுனியைப் பசையில் தோய்த்து ஊசிபோல் காயவிட்டால் 5 மி.மீ. துளையில் எளிதாக நுழையும். எல்லா இழைக்கும் ஒரே தொய்வு வர, பட்டைகளுக்கிடையே ஒரு ஐஸ் குச்சியை வைத்துக்கொண்டு இழுங்கள். தொய்வு மாறினால் தொங்கல் கோணிக்கொண்டு நிற்கும். எவ்வளவு நாடா வாங்குவது என்று கணக்குப் போட வேண்டாம். ஒரு தொங்கலை முடித்து, செலவானதை அளந்து 7-ஆல் பெருக்குங்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு பட்டையின் பின்புறமும் தனி முடிச்சு போடுங்கள். பழைய கவசங்களில் இப்படி இராது. ஆனால் ஒரு அடியில் நாடா அறுந்தால் தொங்கல் முழுவதும் அவிழாமல் இருக்க இதுவே வழி.

மார்க்கவசத்துக்கும் தொங்கலுக்கும் நடுவே 6 செ.மீ. வெறும் நாடாதான் இருக்கும். குனிய அது தேவை. ஆனால் அந்த இடைவெளி சிறுநீரகம் இருக்கும் இடத்தருகே வருகிறது. உள்ளே அகலமான தோல் இடுப்புப்பட்டை கட்டாயம். ஆட்டத்துக்கு முன் கவசத்தைப் பரிசோதிப்பவர் முதலில் தட்டிப் பார்ப்பதும் அங்கேதான்.

தலையை மட்டும் நீங்கள் செய்ய வேண்டாம்

தலைக்கவசம் 1.6 மி.மீ. எஃகு, முகத்தில் கம்பிவலை, இடைவெளி 25 மி.மீ.க்குள். முகமூடியான மென்போ கண்ணைத் திறந்து விடுவதால் அது மட்டும் போதாது. தெரிந்தவரிடம் வாங்கி, கழுத்தைச் சுற்றும் ஷிகோரோவை மட்டும் மிச்சப் பட்டைகளில் கோத்து மாட்டுங்கள். தலையை முன்னே சாய்த்தாலும் பிடரி தெரியக் கூடாது. முழங்கை, முழங்கால், கவட்டை, கை ஆகியவற்றுக்குக் கடினக் காப்பு உடைக்கு உள்ளே போகட்டும். ஹகாமா எனும் ஜப்பானியக் காற்சட்டையின் அகலக் கால்கள் எதையும் மறைக்கும்.

அணியும் வரிசை

எப்போதும் இடப்பக்கம் முதலில். உள்சட்டை, ஹகாமா, பிறகு முழந்தாளுக்குக் கீழே சுனேஆதே. இந்த ஆட்டத்தில் முழங்காலுக்குக் கீழே அடிப்பதில்லை என்பதால் அது லேசாக இருந்தால் போதும். அடுத்து தொடைக்கு ஹைதாதே, கைகளுக்கு கோதே. மார்க்கவசத்தை இடப்பக்கக் கீலில் விரித்து, உடம்பைச் சுற்றி மாட்டி, வலப்பக்கம் கட்டுங்கள்.

இப்போது உவா-ஓபி, அதாவது வெளிக்கச்சை. 3 மீட்டர் பருத்தித் துணியை இடுப்பெலும்புக்குச் சற்று மேலே இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கட்டும்போது உதவியாளர் கவசத்தை இரண்டு விரற்கடை மேலே தூக்கிப் பிடிக்கட்டும். இறுக்கி முடிந்தபின் தோள்வாருக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். அரை மணி ஆட்டத்தில் கை தூக்க முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் இந்தக் கச்சைதான் காரணம், பலம் இல்லாததல்ல.

கழற்றியதும் பெட்டிக்குள் அடைக்காதீர்கள். பிளாஸ்டிக் வியர்வையை உறிஞ்சாது, அத்தனையும் நாடாவிலும் நுரைத்தாளிலும் இறங்கியிருக்கும். நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் பட்டைகள் மெல்ல விரிந்து, அடுத்த வாரம் வலப்பக்கம் மூடாது.