தீர்ப்பு வந்ததும் கத்துவதற்கு முன்னால்: பாக்ஸிங் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. பாக்ஸிங் பைத்தியங்களுக்கு அப்படி ஒரு நாள் அடிக்கடி வாய்க்காது. விடியற்காலையில் பெல்பாஸ்டில் குரோக்கரும் டொனொவனும், மதியத்தை ஒட்டி லாஸ் வேகஸில் கனேலோவும் டெரன்ஸ் குரோபோர்டும், பொழுது சாய்ந்ததும் நகோயாவில் இனூவேயும் அக்மதாலியெவும். கோலாலம்பூரில் இருப்பதில் இது ஒரு வசதி, அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற சண்டையை நாம் ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கலாம். செந்தூலில் சித்தப்பா வீட்டு ஹாலில் எட்டுப் பேர் இருந்தோம். கனேலோ சண்டையில் குரோபோர்ட் ஜெயித்ததாகத் தீர்ப்பை வாசித்ததும் ஒரு பக்கம் "கனேலோதான்டா ஜெயிச்சான், காசு வாங்கிட்டானுங்க" என்று கத்தல், இன்னொரு பக்கம் "குரோபோர்ட் வெளுத்து வாங்கினான், 115-113 எப்படி வரும்?" என்று கத்தல். இரண்டு பக்கத்திலும் ஒருத்தர்கூட சுற்றுக்குச் சுற்று புள்ளி எழுதவில்லை.

முதல் தவறும் பெரிய தவறும் அதுதான். மொத்தச் சண்டையையும் மனதில் ஒரே படமாக வைத்துக்கொண்டு யார் ஜெயித்தார் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ரிங்குக்கு வெளியே உட்கார்ந்து புள்ளி போடும் மூன்று நடுவர்கள் பார்ப்பது ஒரு சண்டையை அல்ல, மும்மூன்று நிமிடத்தில் பன்னிரண்டு குட்டிச் சண்டைகளை. ஒவ்வொரு சுற்றிலும் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு பெரும்பாலும் 9. மயிரிழையில் ஜெயித்தாலும் 10-9, யாரும் கீழே விழாமல் நன்றாகவே வெளுத்து ஜெயித்தாலும் அநேகமாக அதே 10-9. ஆகவே ஒருவர் ஆறு சுற்றைப் பிரமாதமாக ஜெயித்து, மற்ற ஆறு சுற்றைக் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் 114-114, சமம். நம் மனதில் நிற்பது அந்தப் பிரமாதமான ஆறு மட்டும், அதனால்தான் வயிறு எரிகிறது. அன்றைக்கு வந்த கணக்கையே எடுங்கள்: ஒரு நடுவர் 116-112, மற்ற இருவர் 115-113, மூவருமே குரோபோர்ட் பக்கம். 115-113 என்றால் ஏழுக்கு ஐந்து சுற்று. இழுபறியாக இருந்த ஒரே ஒரு சுற்று கனேலோ பக்கம் சாய்ந்திருந்தால் அந்த நடுவரின் புள்ளித் தாளில் சமநிலை வந்திருக்கும். இரண்டு எடைப் பிரிவு மேலே ஏறி வந்து 168 பவுண்டில் நான்கு பட்டங்களையும் அள்ளிய ஒருவரின் வெற்றி தாளில் அவ்வளவு நெருக்கமாகத் தெரிவதில் எந்த மோசடியும் இல்லை. என் தாளிலும் 115-113தான் வந்தது, ஆனால் அதை அன்றைக்கு எழுதவில்லை, மறுநாள் திரும்பப் பார்த்துதான் எழுதினேன்.

இனிமேலாவது ஒரு பேனாவும் தாளும் பக்கத்தில் வையுங்கள். மணி அடித்த உடனே, அடுத்த சுற்று தொடங்குவதற்குள் எழுத வேண்டும். எழுதியதைத் திருத்தக் கூடாது.

அடுத்தது காது. நாம் பாதிச் சண்டையைக் காதால் பார்க்கிறோம். அந்த ஞாயிறு மெக்சிகோ சுதந்திர தினத்தை ஒட்டி வந்தது, அரங்கம் முழுக்க கனேலோவின் ஆட்கள், அவர் கையைத் தூக்கினாலே கூச்சல். அந்தக் குத்துகளில் எத்தனை குரோபோர்டின் கையிலும் தோளிலும் பட்டுச் செத்தன என்று பார்க்க, ஒலியை நிறுத்திவிட்டு நான்காவது சுற்றையோ ஐந்தாவது சுற்றையோ போட்டுப் பாருங்கள், வேறு சண்டை மாதிரி இருக்கும். வர்ணனையாளர்களும் அப்படித்தான், ஒருவரைப் பிடித்துவிட்டால் அவர் செய்வதையே பேசிக்கொண்டிருப்பார்கள். முன்னேறி வருகிறவரே ஜெயிக்கிறார் என்று நினைப்பதும் இதே ரகம். நடுவர்கள் பார்ப்பது நான்கு விஷயம்: சுத்தமாகப் பட்ட குத்து, பலன் தரும் தாக்குதல், ரிங்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது, தற்காப்பு. சும்மா முன்னால் நடந்து வந்து முகத்தில் ஜேப் (முன்கையால் போடும் நேர்க்குத்து) வாங்கிக்கொண்டிருப்பது தாக்குதல் கணக்கில் சேராது.

திரையில் வரும் குத்து எண்ணிக்கையையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்ப்யூபாக்ஸ் என்றால் ஏதோ கருவி தானாக எண்ணுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வீரரைப் பார்த்து பொத்தானை அழுத்துகிறார்கள், அவ்வளவுதான். தலையை உலுக்கிய குத்தும் லேசாகத் தட்டிய குத்தும் அதில் ஒன்றுதான்.

கீழே விழுந்த கணக்குக்கு வருவோம். ஒரு நாக்டவுன் பெரும்பாலும் அந்தச் சுற்றை 10-8 ஆக்கிவிடும், நெருக்கமான சண்டையில் அந்த ஒரு புள்ளி எல்லாவற்றையும் புரட்டிவிடும். 2024 மே மாதம் ரியாத்தில் உசிக்கும் ஃப்யூரியும் மோதியபோது ஒன்பதாவது சுற்றில் ஃப்யூரிக்கு நாக்டவுன் என்று எண்ணினார்கள். ஒரு நடுவரின் தாளில் உசிக் 114-113. அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் அந்தத் தாள் உசிக் பக்கம் இருந்திருக்காது. பெல்பாஸ்டிலும் டொனொவன் இரண்டு முறை விழுந்தார், கடைசியில் குரோக்கர் ஜெயித்தது பிளவுத் தீர்ப்பில், அதாவது இரண்டு நடுவர் அவர் பக்கம், ஒருவர் டொனொவன் பக்கம். "மத்த சுற்றெல்லாம் டொனொவன் நல்லா ஆடினானே" என்று சித்தப்பா மகன் புலம்பினான். ஆடினார்தான், ஆனால் அந்த இரண்டு சுற்றும் போட்ட பள்ளத்தை நிரப்ப அது போதவில்லை.

இங்கே ஒரு விஷயத்தில் கோபம் நியாயம். 2025 மார்ச்சில் நியூயார்க்கில் ஜெர்வொண்டா டேவிஸ் ஒன்பதாவது சுற்றில் தானாகவே முழங்காலிட்டார், தலையில் தடவியிருந்தது கண்ணில் இறங்கிவிட்டது என்றார். விதிப்படி அது நாக்டவுன், ரிங்குக்குள் இருந்த நடுவர் அப்படி அறிவிக்கவில்லை. சண்டை சமநிலையில் முடிந்தது, எண்ணியிருந்தால் எதிராளி லமோண்ட் ரோச் ஜெயித்திருப்பார். ஆனால் பாருங்கள், அங்கேயும் தப்பு ரிங்குக்குள் இருந்த நடுவருடையது. புள்ளி போடும் மூவர் அவர் அறிவித்ததைத்தான் எழுத முடியும். அவர்களைத் திட்டினவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

சண்டையை நிறுத்தினால் திட்டுவது இருக்கிறதே, என்னால் பொறுக்க முடியாத தவறு அது. 2018 ஜூலை 15, புக்கிட் ஜாலில் அசியாத்தா அரங்கில் பாக்கியாவ் மத்தீஸை மூன்றாவது முறை கீழே இறக்கினார், ஏழாவது சுற்று. மத்தீஸ் முழங்காலில் இருந்தபடியே பல் கவசத்தைத் துப்பினார், நடுவர் நிறுத்திவிட்டார். எனக்குப் பின்வரிசையில் ஒருவர் "கோழை, எழுந்திருடா" என்று தமிழிலேயே கத்தினார். அடுத்த வருஷம் அதே ஜூலையில் மாக்சிம் டடாஷெவ் அமெரிக்காவில் பதினோரு சுற்று அடி வாங்கினார். அவருடைய பயிற்சியாளர் பட்டி மெக்கர்ட் கார்னரில் நிறுத்தலாம் என்று கெஞ்ச, டடாஷெவ் தலையை ஆட்டி மறுத்தார், மெக்கர்ட் கேட்காமல் நிறுத்திவிட்டார். அப்படியும் நான்கு நாளில் டடாஷெவ் இறந்துபோனார், வயது 28. நிறுத்தியதே தாமதம்.

1975-ல் முகமது அலியும் ஜோ பக்னரும் நம் மெர்டேக்கா அரங்கத்தில் 15 சுற்று மோதினார்கள், சித்தப்பா இன்னும் அதைப் பற்றிப் பேசுவார். இன்றைக்கு ஏன் 12 சுற்று? 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் 14-வது சுற்று வரை போன கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாளில் இறந்ததால்தான். அதற்குப் பிறகுதான் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி 12 ஆகக் குறைத்தது, மற்ற அமைப்புகளும் பின்னால் வந்தன. 1990-ல் சாவேஸ்-டெய்லர் சண்டையை முடிய இரண்டே விநாடி இருக்கும்போது நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் நிறுத்தியதை நானும் பல வருஷம் அநியாயம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், டெய்லர் இரண்டு தாளில் முன்னால் இருந்தாரே. இப்போது நான் ஸ்டீல் பக்கம்.

சரி, கடைசியாக இனூவே. நாக்அவுட் வரவில்லை என்றால் சண்டையே மொக்கை என்று எழுதிவிடுகிறோம். அக்மதாலியெவ் இடக்கை ஆட்டக்காரர், ஒலிம்பிக் வெண்கலம் வாங்கியவர், கை கனமானவர். அப்படிப்பட்டவருக்கு எதிராக இனூவே அடித்துவிட்டு நகர்ந்து, திரும்பி அடித்து, பன்னிரண்டு சுற்றும் அவரை வெறுங்காற்றில் குத்த வைத்தார். அந்தக் கால் வேலையைப் பார்க்காமல் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் அது மொக்கை. மதியம் நடந்த கலாட்டாவுக்குப் பிறகு இந்தச் சண்டைக்கு ஒலியை நிறுத்தினோம், ஆளுக்கு ஒரு பேனா. நடுவர்கள் 118-110, 118-110, 117-111. சித்தப்பாவின் தாளில் 118-110, என்னுடையதில் 117-111. சித்தப்பா மகன் 115-113 எழுதியிருந்தான், அவனைப் பார்த்து யாரும் கத்தவில்லை, எந்தெந்தச் சுற்று என்று கேட்டு மூன்றாவதிலிருந்து திரும்பப் போட்டோம்.