கதவ உடைக்க அவங்களுக்கு வாரண்ட் வேணாம்: ஃபயர் சர்வீஸ் விஷயத்துல நாம பண்ற தப்புகள்

இங்கிலாந்துல இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு ஃபயர் சர்வீஸ்னா சிவப்பு வண்டி, தண்ணி பைப், ஹெல்மெட், அவ்ளோதான். அவங்களுக்கு சட்டத்துல எவ்ளோ பவர் இருக்குன்னு தெரியாது, எதெல்லாம் அவங்க கடமையே இல்லங்கறதும் தெரியாது. என்னைக் கேட்டா இந்த ரெண்டாவதுலதான் நாம அதிகமா அடி வாங்குறோம்.

மொதல்ல பவர் விஷயம். போலீஸ் மாதிரி இவங்களும் வாரண்ட் காட்டணும்னு நினைச்சு வாசல்ல நின்னு வாக்குவாதம் பண்றது பெரிய தப்பு. 2004ல வந்த ஃபயர் அண்ட் ரெஸ்க்யூ சர்வீசஸ் ஆக்ட்ல 44வது செக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு. தீ பிடிச்சிருக்கு, இல்ல பிடிக்கப்போகுதுன்னு அவங்க நியாயமா நம்பினாலே போதும், யார்கிட்டயும் கேக்காம உள்ள நுழையலாம், தேவைப்பட்டா கதவ உடைக்கலாம், ரோட்ட மூடலாம், வண்டிய நகத்தலாம், ரோடு ஆக்சிடென்ட்டுக்கும் இதே பவர்தான். எங்க தெருவுல ஒரு தடவ ராத்திரி ஒரு மணி இருக்கும், டபுள் பார்க்கிங் பண்ணியிருந்த ஒரு காரால ஃபயர் இஞ்சின் உள்ள வரமுடியல, ஹாரன் அடிச்சுப் பாத்தாங்க, யாரும் வரல, கண்ணாடிய உடைச்சு ஹேண்ட்பிரேக்க எறக்கி நாலு பேரா தள்ளிவிட்டுட்டுப் போய்ட்டே இருந்தாங்க. அப்புறமா லுங்கியோட ஓடிவந்த ஓனர் "யார கேட்டு உடைச்சீங்க"ன்னு ஒரே கத்து. யாரையும் கேக்க வேணாம் அண்ணே, அதான் சட்டமே. தக்க காரணம் இல்லாம அவங்கள தடுத்தா 1,000 பவுண்ட் வரைக்கும் ஃபைன் வரலாம்.

ஆனா தீ அணைஞ்சப்புறம் கதை வேற, இத போட்டு குழப்பிக்கறாங்க. எப்படி தீ பிடிச்சுதுன்னு விசாரிக்க பின்னாடி ஒருநாள் வர்ற ஆபீசர், அந்த விசாரணை பவர வச்சு கதவ உடைச்சு வர முடியாது. குடியிருக்குற வீடுன்னா 24 மணிநேரம் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் குடுத்துருக்கணும், அதுக்கும் நீங்க விடலன்னா மாஜிஸ்ட்ரேட்கிட்ட வாரண்ட் வாங்கணும். ஸ்மோக் அலாரம் செக் பண்ண வர்றேன்னு சொல்றது இது எதுலயும் சேராது, அது ஃப்ரீயா பண்ற உதவி, வேணாம்னா வேணாம்னு சொல்லலாம் (சொல்லாதீங்க, நல்ல விஷயம்).

ரோட்டுல பண்ற தப்பு ஒண்ணு. பின்னாடி சைரன் கேட்டதும் பதறிப்போய் ரெட் சிக்னல தாண்டி வழிவிடறது. சிக்னல தாண்ட உங்களுக்கு எந்த விலக்கும் கெடையாது, டிக்கெட் உங்க பேருக்குதான் வரும், அங்கயே நில்லுங்க, அந்த டிரைவர் வழி பாத்துக்குவார்.

இப்ப கடமைக்கு வருவோம். தீ அணைக்கறதும், ரோடு ஆக்சிடென்ட்ல மாட்டுனவங்கள காப்பாத்தறதும் அவங்களோட சட்டக் கடமை. வெள்ளம்? ஸ்காட்லாந்துல உண்டு, வேல்ஸ்லயும் உண்டு, இங்கிலாந்துல மட்டும் கடமைன்னு எழுதல, பண்ணலாம்னு அதிகாரம் மட்டும்தான், நடைமுறையில வருவாங்க, அது வேற. "லேட்டா வந்தாங்க, கேஸ் போடுவேன்"னு குதிக்கறவங்களுக்கு ஒரு கேஸ் சொல்றேன். 1990ல இங்கிலாந்துல பேசிங்ஸ்டோக்ங்கற ஊர்ல ஒரு ஆபீஸ் கட்டடம் எரியறப்ப, ஓடிட்டிருந்த ஸ்பிரிங்க்ளர (தீ பிடிச்சா கூரையிலேர்ந்து தானா தண்ணி தெளிக்கற அமைப்பு) ஆஃப் பண்ண சொல்லிட்டாரு ஒரு ஃபயர் ஆபீசர், தீ பரவி கட்டடமே போச்சு. 1997ல அப்பீல் கோர்ட் சொன்னது என்னன்னா, வரலங்கறதுக்கோ லேட்டா வந்ததுக்கோ நஷ்டஈடு கேக்க முடியாது, ஆனா வந்து அவங்களே நெலமைய மோசமாக்கினா பொறுப்பு உண்டு. அந்த ஸ்பிரிங்க்ளர் கேஸ்ல ஃபயர் சர்வீஸ் தோத்துச்சு.

கடை வச்சிருக்கவங்க பண்ற தப்பு இன்னும் மோசம். அலாரம் தானா அடிச்சா தானா வண்டி வந்துரும்னு நம்பி அவசர நம்பர் 999 போடாம நிக்கறது. லண்டன்ல 2024 கடைசிலேர்ந்து பகல் நேரத்துல பெரும்பாலான கமர்ஷியல் கட்டடங்களுக்கு வெறும் ஆட்டோமேட்டிக் அலாரத்துக்கு வண்டி அனுப்பறதில்ல, தீ இருக்குன்னு யாராவது கூப்பிட்டு சொன்னாதான். தீ அணைச்சதுக்கு பில் வராதுங்கறது உண்மைதான், ஆனா கோளாறான அலாரம் திரும்பத்திரும்ப சும்மா அடிச்சு அவங்கள வரவச்சா கடைக்காரர்கிட்ட காசு கேக்க சட்டம் எடம் குடுக்குது.

அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன். 2005 ஃபயர் சேஃப்டி ஆர்டர்படி கடைய கைல வச்சிருக்கவர்தான் 'ரெஸ்பான்சிபிள் பெர்சன்', அதாவது தீ பாதுகாப்புக்கு சட்டப்படி பொறுப்பாளி, ஃபயர் சர்வீஸ் இல்ல, லேண்ட்லார்ட் பாத்துக்குவாருன்னும் விட முடியாது. ரிஸ்க் அசெஸ்மென்ட் (எங்க எப்படி தீ ஆபத்து இருக்குன்னு பாக்கற மதிப்பீடு) முன்னாடி அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ வேலைக்கு இருந்தாதான் எழுதி வைக்கணும்னு ஒரு கணக்கு இருந்துச்சு, 2023 அக்டோபர் 1லேர்ந்து ஒத்த ஆள் கடைன்னாலும் எழுத்துல இருக்கணும், பழைய கணக்கயே இன்னும் சொல்லிட்டு திரியறவங்க நிறைய.

எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் டேக்அவே (பார்சல் சாப்பாட்டுக் கடை) நடத்துறாரு. மாடியில ரெண்டு பசங்க தங்கியிருந்தாங்க, கீழ எறங்க ஒரே படி, அதுவும் கிச்சன் வழியா, ஃப்ரையர் பக்கத்துலயே. வந்த ஃபயர் சர்வீஸ் இன்ஸ்பெக்டர் படிய பாத்தாரு, மாடியில மெத்தைய பாத்தாரு, மேல யாரும் தூங்கக்கூடாதுன்னு ப்ரொஹிபிஷன் நோட்டீஸ் குடுத்துட்டாரு. கடைக்காரரு "21 நாள் டைம் இருக்கு, அப்பீல் போட்டுட்டு பாத்துக்கலாம்"னு சொன்னாரு. அந்த 21 நாள் அப்பீல் போடறதுக்கு மட்டும்தான். திருத்திக்க சொல்ற என்ஃபோர்ஸ்மென்ட் நோட்டீஸ்னா அப்பீல் போட்டதும் நின்னுடும், ப்ரொஹிபிஷன் நோட்டீஸ் கோர்ட்டே நிறுத்தி வைக்க சொன்னாலொழிய நிக்காது. அப்பீல் பேப்பர் பாக்கெட்ல இருக்கு, பசங்கள அன்னிக்கு ராத்திரி மறுபடி மேல படுக்க வச்சீங்கன்னா அது கிரிமினல் குத்தம், ஃபைனுக்கு உச்சவரம்பு கெடையாது, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலும் போகலாம்.