கழிகிற கன்றுக்குக் கருப்பட்டித் தண்ணீர் வேண்டாம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொழுவம் காயாமல் கிடக்கும்போதுதான் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் இளங்கன்றுகளுக்குக் கழிச்சல் காண்கிறது. வெள்ளையாகவோ மஞ்சளாகவோ நீராய்ப் பீச்சும். காலையில் துள்ளிய கன்று மறுநாள் தலை தூக்காது. உயிரை எடுப்பது பெரும்பாலும் உடம்பிலிருந்து போகிற நீரும் உப்பும். அதை ஈடுகட்ட வேண்டிய நேரத்தில் நாம் வேறெதையோ செய்துகொண்டிருக்கிறோம்.

நமக்கு உடம்பு சோர்ந்தால் கருப்பட்டித் தண்ணீர் குடிக்கிறோம். அதே பாசத்தில் கன்றுக்கும் உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்துக் கொடுக்கிறோம். கருப்பட்டி, வெல்லம், சீனி மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ். அதைச் செரிக்கும் நொதி கன்றின் குடலில் கிடையாது. செரிக்காத இனிப்பு குடலுக்குள் மேலும் நீரை இழுக்கும், கழிச்சல் கூடும். கன்றுக்கு வேண்டியது குளுக்கோஸும் உப்புகளும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் இவை இருக்கின்றன. அதில் குறித்த அளவு, கொதித்து ஆறிய நீரில் கரைத்து, வெதுவெதுப்பாக, நாளைக்கு 2 முதல் 4 லிட்டர் வரை பல வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

"பால்தான் கழிகிறது" என்று பாலை நிறுத்துவது அடுத்த தவறு. பட்டினி கிடக்கும் கன்றுக்கு எதிர்த்து நிற்கத் தெம்பு ஏது? பாலைச் சிறுகச் சிறுக ஊட்டுங்கள். ஆனால் ஓ.ஆர்.எஸ். நீரைப் பாலோடு கலக்காதீர்கள். வயிற்றில் பால் திரைவது கெடும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

சப்பாத கன்றின் வாயைப் பிளந்து, தலையை அண்ணாந்து பிடித்து மூங்கில் குழாயில் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்குப் பதறும். நீர் நுரையீரலுக்குள் இறங்கினால் கழிச்சலோடு நிமோனியாவும் சேரும். விரலை வாயில் வைத்தும் சப்பவில்லை, வாய்க்குள் சில்லென்று இருக்கிறது, கண் குழி விழுந்திருக்கிறது, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே மறையவில்லை என்றால் அந்தக் கன்றுக்கு ஊசி வழியாக நீர் ஏற்ற வேண்டும். அது மருத்துவர் கை வேலை. பசுவுக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம். ரோட்டா வைரசால் வரும் கழிச்சலை ஆன்டிபயாடிக் தொடாது.

இத்தனைக்கும் முந்திய தவறு, கன்று பிறந்த அன்றே நடந்துவிடுகிறது. "இளங்கொடி விழட்டும், பிறகு சீம்பால் கொடுக்கலாம்" என்று காத்திருக்கிறோம். மாட்டின் இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, வழியாகத் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கன்றுக்குப் போவதில்லை. சீம்பால் ஒன்றே வழி. அதிலுள்ள அந்தப் புரதங்களையும் குடல் முதல் 24 மணி நேரம்தான் சிதைக்காமல் உறிஞ்சும், அதற்குள்ளும் மணிக்கு மணி அந்தத் திறன் குறையும். 30 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 3 லிட்டர் வேண்டும். அதில் பாதி இரண்டு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். கன்று மடியை முட்டிக் குடித்தால் இளங்கொடி விழவும் அது உதவும். விழுந்த கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுவதை யாரும் குறை சொல்லவில்லை. கன்றைக் காக்க வைக்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகளுக்குச் சீம்பால் காய்ச்சுவதும் கன்று குடித்து மிஞ்சியதில் இருக்கட்டும்.

மூன்று வாரம் தாண்டிய கன்று இரத்தமாகக் கழிந்தால் பெரும்பாலும் இரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணி. அதற்கு மருந்து வேறு. 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். கன்றுக்கு எத்தனை நாள், சாணத்தின் நிறம் என்ன, கடைசியாக எப்போது பால் குடித்தது என்ற மூன்றையும் அழைக்கும்போதே சொல்லுங்கள்.