'கூப்பிட்டால்' வேறு, 'கூப்பிட்டால்தான்' வேறு: மெய்மை அட்டவணையில் வரும் தவறுகள்

கூற்றுகள் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும் வரிசைக்கு ஒன்றாக எழுதி, முழு வாக்கியம் எப்போது மெய், எப்போது பொய் என்று பார்ப்பதுதான் மெய்மை அட்டவணை. அதைப் போடும்போது பலர் சறுக்குவது வாக்கியத்தைப் படிக்கும் இடத்தில்தான். அதிலும் 'இது நடந்தால் அது நடக்கும்' என்கிற நிபந்தனைக் கூற்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

"நீ கூப்பிட்டால் நான் வருவேன்." இது எப்போது பொய்? நீ கூப்பிட்டும் நான் வராத அந்த ஒரே வரிசையில் மட்டும். நீ கூப்பிடவே இல்லை என்றால் நான் வந்தாலும் வராவிட்டாலும் சொன்ன சொல் மீறப்படவில்லை, அதனால் அந்த இரண்டு வரிசையிலும் மெய்தான். இங்கே மனசு ஒப்பாமல் பொய் என்று எழுதிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு.

அடுத்து அந்தத் 'தான்'. "கூப்பிட்டால்தான் வருவேன்" என்றதும் 'கூப்பிடுவது → வருவது' என்ற அம்புக்குறி திரும்பிவிடுகிறது: நான் வந்திருக்கிறேன் என்றால் நீ கூப்பிட்டிருக்கிறாய். கூப்பிடாமலே வந்து நின்றால் இது பொய், முதல் வாக்கியமோ அப்போதும் மெய். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இருநிபந்தனைக் கூற்று. பேச்சில் நாம் இந்த மூன்றையும் கலந்துதான் பேசுகிறோம், ஆனால் அட்டவணையில் மூன்றுக்கும் மூன்று விடை.

மறுப்பிலும் கவனம் வேண்டும். "கூப்பிட்டால் வருவேன்" என்பதன் மறுப்பு "கூப்பிடாவிட்டால் வரமாட்டேன்" இல்லை, "கூப்பிட்டால் வரமாட்டேன்" என்பதும் இல்லை. "நீ கூப்பிட்டும் நான் வரவில்லை" என்பதே.

"அண்ணனும் தம்பியும் வந்தார்கள்" என்பதை மறுக்கச் சொன்னால் வாய் தானாக "அண்ணனும் தம்பியும் வரவில்லை" என்கிறது. அது இருவருமே வரவில்லை என்றாகிவிடும். சரியான மறுப்பு, அண்ணன் வரவில்லை அல்லது தம்பி வரவில்லை. டி மார்கன் விதி சொல்வது இதைத்தான்: மறுப்பு உள்ளே போனால் 'மற்றும்' 'அல்லது' ஆகும், 'அல்லது' 'மற்றும்' ஆகும்.

அந்த 'அல்லது'வும் இரண்டில் ஒன்று மட்டும் என்று சொல்வதில்லை, இரண்டும் மெய்யானாலும் மெய்தான். அப்புறம், "வீடு சிறியது, ஆனால் வசதியானது" என்பதில் உள்ள 'ஆனால்' நிபந்தனை அல்ல, தர்க்கத்தில் அது வெறும் 'மற்றும்'.

வரிசைகளை மனம்போன போக்கில் நிரப்பாதீர்கள். 3 கூற்றுகளுக்கு 8 வரிசை, 4 என்றால் 16. மூன்றுக்கு, முதல் பத்தியில் (மேலிருந்து கீழாக) 4 மெய் 4 பொய், இரண்டாவதில் இரண்டிரண்டாக, மூன்றாவதில் மாறி மாறி. அடைப்புக்குறிக்குள் இருப்பதற்குத் தனிப் பத்தி போட்டுவிட்டே கடைசிப் பத்திக்குப் போங்கள், மனக்கணக்கில் தாண்டினால் எந்த வரிசையில் பிசகியது என்று தேடவே முடியாது.