கோவை பீளமேட்டில் விமானம் ஏறுமுன்: தூரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சென்னைக்கு ஒரு மணி நேரந்தானுங்களே மாப்பிள்ளை, பதினோரு மணிக் கூட்டத்துக்கு ஒன்பதே கால் ஃப்ளைட் போதாதுங்களா?" ஈரோட்டிலிருந்து மாமா கேட்டார். போதாதுங்க மாமா என்றேன்.

கோவைக்கும் சென்னைக்கும் ரோட்டில் 500 கிலோமீட்டர், வானத்தில் சுமார் 400. ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் என்று வகுத்தால் அரை மணி நேரம் வரும். டிக்கெட்டிலோ ஒரு மணி பத்து நிமிடம் அளவில் போட்டிருக்கும். அந்த நேரம், விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரைக்குமானது. ஓடுபாதை வரை ஊர்வது, மேலேறுவது, இறங்க முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். கிட்டத்து ஊர் என்றால் முழு வேகம் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். சேலத்தைப் பாருங்கள்: ஓமலூர் பக்கத்து விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு 265 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே பறக்கிற ஏடிஆர் என்கிற சிறிய விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் போகும். அதனால் அதற்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

மைல் கணக்கிலும் ஏமாறுகிறோம். கோவையும் டெல்லியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. நேர் வடக்கே 1,940 கிலோமீட்டர். சில இடங்களில் இதையே 1,050 கடல் மைல் என்று காட்டும். சாதா மைல் என்று நினைத்து 1.6 ஆல் பெருக்கினால் 260 கிலோமீட்டர் குறைந்துபோகும். கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

வெளிநாடு என்றால் கவனம் இன்னும் வேண்டும். புறப்படும் நேரம் நம்மூர்க் கடிகாரம், சேரும் நேரம் அந்த ஊர்க் கடிகாரம். காலை 4 மணிக்குக் கிளம்பி 6.30க்கு ஷார்ஜா சேர்ந்தால் பயணம் இரண்டரை மணி நேரம் இல்லை, நான்கு மணி நேரம். அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். சர்க்கரை மாத்திரை நேரம் பார்த்துப் போடுகிற பெரியவர்களை அனுப்பும்போது இதைத் தாளில் எழுதியே கொடுங்கள். துபாய்க்குச் சென்னை வழியாக டிக்கெட் எடுத்தால், கிழக்கே 400 கிலோமீட்டர் போய்த் திரும்பவும் மேற்கே வருகிறீர்கள். கொச்சி விமான நிலையம் இருக்கிற நெடும்பாசேரி, கோவையிலிருந்து காரில் 160 கிலோமீட்டர்தான். அதையும் ஒருமுறை பாருங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது தேதித் தவறு. 15ஆம் தேதி 00.30 மணி விமானம் என்றால் 14ஆம் தேதி இரவே பீளமேட்டில் இருக்க வேண்டும். எங்கள் சொந்தத்தில் ஒரு குடும்பம் 15ஆம் தேதி இரவு பெட்டியோடு வந்து நின்றது. அந்த அம்மா அழுத அழுகை இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாமாவுக்கு மறுபடி கணக்குப் போட்டோம். ஈரோட்டிலிருந்து பீளமேடு 90 கிலோமீட்டர். உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அப்படியானால் ஐந்தரைக்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டி எடுத்து, கூட்டம் நடக்கிற நுங்கம்பாக்கம் சேர பதினொன்றரை தாண்டிவிடும். ஆக ஆறு மணி நேரம். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸும் ஏறக்குறைய அவ்வளவுதான் எடுக்கும். மாமா ரயிலுக்கே பதிவு செய்துகொண்டார்.