ஃபியூவல் செல்லில் தண்ணீர்: நம்மூர் ஈரக்காற்றை நம்பாதீர்கள்

பினாங்கில் ஃபியூவல் செல் (ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் கருவி) புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் அடிக்கடி சொல்வது: "காற்றே பிசுபிசுவென்று இருக்கு, ஹியூமிடிஃபையர் எதுக்கு சார்?" ஹியூமிடிஃபையர் என்பது செல்லுக்குள் போகும் வாயுவை ஈரமாக்கும் கருவி. கணக்குப் போட்டால் இந்தப் பேச்சு நிற்காது. 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 60 டிகிரி செல்லுக்குள் விட்டால், அதன் ஈரப்பதம் சுமார் 16 சதவீதமாகிவிடும். 80 டிகிரியில் 7-கூடத் தேறாது. உள்ளே இரு மின்முனைகளுக்கு நடுவே இருக்கும் நாஃபியான் என்ற பிளாஸ்டிக் சவ்வுக்கு அது வறண்ட காற்றுதான். நனைந்திருந்தால்தான் அந்தச் சவ்வு, ஹைட்ரஜனிலிருந்து பிரியும் புரோட்டானைக் கடத்தும். காய்ந்தால் மின்தடை ஏறும், சூடு கூடும், இன்னும் காயும்.

அதற்காகத் தண்ணீரை அள்ளி விடவும் கூடாது. செல்லே தண்ணீர் உண்டாக்குகிறது: 20 ஆம்பியர் எடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 7 கிராம், அத்தனையும் காற்று நுழையும் கேத்தோடு பக்கம். போதாததற்கு, புரோட்டான்கள் ஹைட்ரஜன் நுழையும் ஆனோடிலிருந்து தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வருகின்றன. ஒரே செல்லில் ஆனோடு காய்ந்தும் கேத்தோடு மூழ்கியும் இருக்கலாம்.

இதனால்தான் வோல்டேஜ் இறங்கியதுமே ஹியூமிடிஃபையரைக் கூட்டுவதை நான் பெரிய தவறு என்பேன். வறட்சியிலும் வோல்டேஜ் இறங்கும், வெள்ளத்திலும் இறங்கும். வறட்சியில் அது மெல்ல, சீராக வழியும். 1 கிலோஹெர்ட்ஸ் மில்லிஓம் மீட்டரில் தடை ஏறுவதும் தெரியும். வெள்ளத்தில் தடை பெரிதாக மாறாது. வோல்டேஜ் குதிக்கும், கேத்தோடு சேனலில் (காற்று ஓடும் பள்ளத்தில்) அழுத்த இழப்பு கூடும், வெளியேறும் குழாயில் சொட்டுகள் விட்டுவிட்டு வரும். எதுவென்று தெரியாமல் ஹியூமிடிஃபையர் குமிழைத் திருகினால், மூழ்கிய செல்லுக்கு மேலும் தண்ணீர் ஊற்றியதாகும்.

அடுத்து, யாரும் கவனிக்காத அந்த ஒரு முழக் குழாய். ஹியூமிடிஃபையர் 60 டிகிரி, செல் 60 டிகிரி, நடுவில் ஏர்கான் குளிரில் வெறும் பிளாஸ்டிக் குழாய். தே ஐஸ் கிளாஸ் வெளியே வியர்ப்பதுபோல் இது உள்ளே வியர்க்கும். திரண்ட நீர் ஒரே மூச்சில் செல்லுக்குள் பாயும். ஹீட்டர் டேப் சுற்றி, செல்லைவிடச் சில டிகிரி கூடுதலாக வையுங்கள்.

ஹியூமிடிஃபையரில் குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. அதிலுள்ள கால்சியம், சோடியம், இரும்பு அயனிகள் சவ்வில் புரோட்டானின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், டீஅயனைஸ்டு (அயனிகள் நீக்கிய) தண்ணீர்தான். வெள்ளத்தைத் துரத்துகிறேன் என்று காற்றோட்டத்தை ஏற்றிவிட்டு மறந்தாலும் சவ்வு காயும். ஆனோடு வெளிவாயை மூடி ஓட்டுகிறவர்கள் இடையிடையே வால்வைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் பக்கத்திலிருந்து சவ்வைக் கடந்து வரும் நைட்ரஜனும் நீரும் அங்கே தேங்கும். செல்லை இறுக்கும் போல்ட்டை வெறித்தனமாக முறுக்கினால், வாயுவும் நீரும் கடக்கும் கார்பன் பேப்பரின் துளைகள் நசுங்கி, நீர் வெளியேற வழியிருக்காது.

குளிர்நாட்டு மேனுவலைப் பார்த்து, செல்லை நிறுத்தும்போது மணிக்கணக்கில் உலர்காற்று விடுகிறவர்களும் உண்டு. அங்கே தண்ணீர் உறைந்து செல்லைக் கெடுத்துவிடும், அதற்காகச் செய்கிறார்கள். பினாங்கின் நிபோங் திபாலில் எது உறையப்போகிறது? ஹைட்ரஜன் வெளியேறும்வரை, சேனலில் நிற்கும் நீர் போகும்வரை, சிறிது நேரம் நைட்ரஜன் விட்டு வாய்களை மூடுங்கள்.