கிராபிக்ஸ் கார்டு இயங்கவில்லையா? கார்டைக் கழற்றி எறிவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கணினியை இயக்கியதும் திரை கறுப்பாகவே இருந்தால், கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் கார்டுக்கு மின்சாரமே போய்ச் சேராதது ஒரு கோளாறு. மின்சாரம் சேர்ந்தும் படம் வராதது வேறொரு கோளாறு. இவ்விரண்டையும் முதலில் பிரித்தறிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு சோதனையிலும் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால், எது குணப்படுத்தியது என்று கடைசி வரை தெரியாது.

படி 1: கோளாறு உண்மையில் மின்சாரத்தில்தானா?

கார்டின் ஃபேன் சுற்றவில்லை என்பதை மட்டும் சாட்சியாகக் கொள்ளக் கூடாது. இன்றைய கார்டுகள் பல, சூடு ஏறக்குறைய 50 முதல் 60 டிகிரி செல்சியஸைத் தொடும் வரை ஃபேனை நிறுத்தியே வைத்திருக்கும். அது கோளாறு அன்று, அமைதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. அடுத்து, மானிட்டர் கேபிள் எங்கே சொருகப்பட்டிருக்கிறது என்று கணினியின் பின்புறம் பாருங்கள். மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐ துளையில் அது இருந்தால், கார்டு நலமாக இருந்தாலும் திரை வெறுமையாக இருக்கலாம். புதிதாகக் கணினி பூட்டுபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

மதர்போர்டில் சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதப்பட்ட நான்கு சிறு விளக்குகள் இருந்தால் அவற்றையும் கவனியுங்கள். விஜிஏ விளக்கு அணையாமல் எரிந்தால் கார்டின் பக்கம் தேட வேண்டும். டிராம் விளக்கு எரிந்தால் தேட வேண்டியது ரேமில். கார்டைத் தொடவே தேவையில்லை.

படி 2: மின் இணைப்பைத் துண்டித்தல்

கணினியை நிறுத்தி, கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்சை அணைத்து, சுவரிலிருந்து வரும் கம்பியைக் கழற்றுங்கள். பிறகு பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால், உள்ளே தேங்கிய மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். உடலில் உள்ள நிலைமின்னைப் போக்க, கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

படி 3: பவர் கேபிள்கள்

மதர்போர்டில் கார்டு சொருகப்படும் துளையான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தன் வழியாகக் கார்டுக்குத் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகள், 6 பின் (உலோக ஊசி) கனெக்டர் வழியாக இன்னொரு 75 வாட்டையும், 8 பின் கனெக்டர் ஒவ்வொன்றின் வழியாக 150 வாட்டையும் பெற்றுக்கொள்கின்றன. கார்டில் இரண்டு கனெக்டர்கள் இருந்தால் இரண்டிலும் கேபிள் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டால், சில கார்டுகள் கேபிளை இணைக்குமாறு திரையில் செய்தி காட்டும். சில, படம் எதுவும் தராமல் ஃபேனை மட்டும் முழு வேகத்தில் சுற்றவிடும்.

கேபிள் உள்ளே இருப்பது போலத் தோன்றுவதும் முழுதாக இறங்கியிருப்பதும் ஒன்றல்ல. என் கார்டு ஒருநாள் திடீரென்று செத்தது போலானது. எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடலாமா என்று யோசித்த பிறகுதான், 8 பின் கனெக்டரின் கொக்கி அதற்குரிய விளிம்பின் மேல் ஏறாமல், நகக்கண் அளவு இடைவெளியுடன் நிற்பதைக் கைவிளக்கின் வெளிச்சத்தில் கண்டேன். கட்டை விரலால் அழுத்தியதும் "டக்" என்று இறங்கியது, கார்டும் விழித்துக்கொண்டது. 16 பின் கனெக்டர் கொண்ட புதிய கார்டுகளில் இந்த இடைவெளி ஆபத்தும்கூட: ஒரே கனெக்டரில் 600 வாட் வரை செல்லக்கூடும் என்பதால், அரைகுறையாகச் சொருகினால் பிளாஸ்டிக் உருகும் அளவுக்குச் சூடேறலாம். கேபிளைக் கனெக்டரை ஒட்டியே மடக்காமல், மூன்று நான்கு சென்டிமீட்டர் நேராக விட்டு வளையுங்கள்.

சிபியூவுக்கான 8 பின் கேபிளும் கார்டுக்கான 8 பின் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னது 4+4 ஆகப் பிரியும். பின்னது 6+2 ஆகப் பிரியும். ஒன்றில் 12 வோல்ட் இருக்கும் வரிசையில் மற்றொன்றுக்கு எர்த் இருப்பதால், வலுக்கட்டாயமாகச் சொருகிவிட வேண்டாம். அதே எச்சரிக்கை, கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பொருந்தும்: கார்டின் பக்கம் உள்ள முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கம் உள்ள முனையில் பின்களின் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஆகவே பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் போடாதீர்கள்.

படி 4: ஸ்லாட்

கார்டைக் கேபினெட்டோடு பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றி, ஸ்லாட்டின் கடைசியில் உள்ள சிறு கொக்கியை விலக்கிய பிறகே கார்டை நேராக மேலே இழுக்க வேண்டும். பெரிய கார்டுகளில் அந்தக் கொக்கி கண்ணுக்கே தெரியாது. ஸ்க்ரூடிரைவர் வழுக்கி மதர்போர்டைக் கீறிவிடும் என்பதால், ஐஸ் குச்சி போன்ற மரத்துண்டால் அழுத்துவது நல்லது. தங்கப் பூச்சுள்ள விளிம்பில் அழுக்கு இருந்தால், ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, நன்கு உலரவிட்டு மீண்டும் பொருத்துங்கள். இதேபோன்ற நீளமான ஸ்லாட் இன்னொன்று இருந்தால் அதிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

படி 5: எஸ்எம்பிஎஸ்ஸா, கார்டா?

கார்டு இல்லாமல் கணினி நிலையாக ஓடி, கார்டைப் பொருத்தியதும் ஃபேன்கள் ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிட்டால், எஸ்எம்பிஎஸ் ஷார்ட் சர்க்யூட்டை உணர்ந்து தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்று பொருள் கொள்ளலாம். கார்டில் ஷார்ட் ஆகியிருக்கிறது என்ற ஐயத்துக்கு இது வலுவான காரணம். மாறாக, கணினி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்போது, கார்டுக்கு மட்டும் மின்சாரம் வரவில்லை என்றால், வேறு பிசிஐ எக்ஸ்பிரஸ் கேபிளையும் எஸ்எம்பிஎஸ்ஸின் வேறு துளையையும் முயலுங்கள். மல்டிமீட்டர் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் 12 வோல்ட் கம்பியை அளந்து பார்க்கலாம், 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கவே கூடாது. மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

இறுதித் தீர்ப்பைத் தருவது, நன்றாக இயங்கும் வேறொரு கணினியில் கார்டைப் பொருத்திப் பார்ப்பதுதான். அதற்கு முன் அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் வாட் அளவு போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஷார்ட் ஐயம் இருக்கும் கார்டை மட்டும் இரவல் கணினியில் சோதிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். வேறு கணினியிலும் இயங்காத கார்டை அடுப்பில் வைத்துச் சூடாக்கும் வித்தையெல்லாம் வேண்டாம். அது சில நாள் உயிர்கொடுத்தாலும் சாலிடர் முதல் பிளாஸ்டிக் வரை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். வாரன்டி இருந்தால், கார்டின் சூட்டைத் தணிக்கும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க்கைக் கழற்றாமல் நிலைமின் தடுப்பு உறையில் இட்டு அனுப்புங்கள். எந்தெந்தச் சோதனையில் என்ன நடந்தது என்ற சிறு குறிப்பையும் கூடவே வையுங்கள்.